பெயரை இரவல் கொடுத்தவர்கள்

சென்ற அத்தியாயத்தில் தங்கம் கரையேறிய கதையைப் பார்த்தோம். துபாயிலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பல், கரைக்கு எட்டாத தூரத்தில் மீன்பிடிப் படகுக்குக் கைமாறிய சரக்கு, பத்துத் தோலா பிஸ்கட்டுகளை வரிசையாகச் செருகித் தைத்த ஜாக்கெட், விடிவதற்குள் ஜவேரி பஜார். அந்தக் கதையில் ஒரு பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. தங்கம் உள்ளே வந்தது சரி, அதன் விலை எந்த வழியாக வெளியே போனது? விற்ற காசு யார் பெயரில் தங்கியது? பம்பாயின் கள்ளப் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் படகையும் துப்பாக்கியையும் சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தை யாரும் சொல்வதில்லை. இந்த அத்தியாயம் அந்தப் புத்தகத்தைப் பற்றியது. பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, தாராவி வழியாகத் தாணேக்கு வருகிறது.

1950-களில் குவைத்திலும் பஹ்ரைனிலும் துபாயிலும் கடைத்தெருவில் புழங்கியது இந்திய ரூபாய்தான். ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு, சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே நீடித்தது. பம்பாயில் தங்கம் வேண்டியவர் நோட்டுக் கட்டுகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் போதும். வளைகுடா வியாபாரி அந்த நோட்டுகளை அங்குள்ள வங்கியில் கட்டுவார். வங்கி அவற்றை ரிசர்வ் வங்கிக்குத் திருப்பி அனுப்பி, பதிலுக்கு ஸ்டெர்லிங் பவுண்டு வாங்கிக்கொள்ளும். அதாவது கடத்தி வந்த தங்கத்துக்கு இந்திய அரசே தன் அந்நியச் செலாவணியிலிருந்து விலை கட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுகொண்ட அரசு, 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி நோட்டுகளை அச்சடித்தது. நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் இசட் என்ற எழுத்து. இந்தியாவுக்குள் அது செல்லாது. வளைகுடாவிலிருந்து இந்திய உள்நாட்டு நோட்டு திரும்பி வந்தால், அது ஏதோ திருட்டு வழியில் போனது என்று உடனே தெரிந்துவிடும். பணம் நடந்து வந்த பாதையை அந்தப் பணத்தின் மீதே எழுதிவைக்கும் முயற்சி இது. அழகான யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் நீடிக்கவில்லை. குவைத் 1961-இலேயே தன் தினாருக்கு மாறிவிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், அதுவரை விலகாமல் இருந்த நாடுகளும் ஒவ்வொன்றாக விலகின. நோட்டின் நிறத்தைப் பார்த்துப் பிடிக்கும் காலம் முடிந்தது.

அதன் பிறகு வந்த வழி, எந்த நோட்டையும் கடல் கடத்தாத வழி. தென் மாவட்டங்களில் உண்டியல் என்றும், மற்ற இடங்களில் ஹவாலா என்றும் சொல்வார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் கட்டட வேலைகள் பெருகின. இராமநாதபுரம், திருநெல்வேலி, மலபார்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். பலர் பம்பாய் வந்து, டோங்கிரியிலோ மாஹிமிலோ மாதக்கணக்கில் காத்திருந்து விசா பெற்றுக் கிளம்பியவர்கள். ஒரு கொத்தனார் மாதக் கடைசியில் ஆயிரம் திர்ஹாமை வங்கியில் கட்டினால், ஊருக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆகும். அரசு நிர்ணயித்த விலைதான் கிடைக்கும். அதையே உண்டியல்காரரிடம் கொடுத்தால் கூடுதல் விலை, இரண்டொரு நாளில் வீட்டு வாசலில் ரூபாய். ஒரு பழைய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொன்னால் போதும், அதுவே ரசீது.

அந்த ஆயிரம் திர்ஹாம் துபாயிலேயே இருந்தது. அதைக் கொண்டுதான் அங்கே தங்கம் வாங்கினார்கள். தங்கம் பம்பாய் வந்து விற்றதும் கிடைத்த ரூபாயிலிருந்து கொத்தனாரின் மனைவிக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. இரண்டு கணக்கும் நேராகிவிட்டது. ஒரு காசுகூட எல்லையைத் தாண்டவில்லை, தாண்டியது தங்கம் மட்டும். உழைத்துச் சேர்த்த காசும் கடத்தல் காசும் ஒரே குழாயில் ஓடிய காலம் அது. கொத்தனார் யாரையும் ஏமாற்றவில்லை, வீட்டுக்குப் பணம் அனுப்பினார், அவ்வளவுதான். அவருடைய வியர்வை எதற்கு மறைப்பாக ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு மீரா ரோட்டில் இதே கணக்கு தலைகீழாக வரப்போகிறது.

வெளியே போக வேண்டிய பணம் இப்படிப் போனது. உள்ளேயே தங்கிய லாபம் என்ன ஆனது? இங்கேதான் பெயர்கள் வருகின்றன.

இராமநாதபுரத்துப் பனைக்குளத்தில் பிறந்து, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கத் தொடங்கிய ஹாஜி மஸ்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் போர்ட்டராக நின்ற வரதராஜ முதலியார். முன்னவர் தங்கத்திலும் வெள்ளியிலும் பெருகியவர். பின்னவர், பம்பாய் மதுவிலக்குச் சட்டம் உண்டாக்கிய தாகத்தில், தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் கள்ளச் சாராயத்தில் பெருகியவர். மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே அவர் போட்ட விநாயகர் பந்தலைப் பார்த்தவர்கள் இன்றும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் இருக்கிறார்கள். இருவரைப் பற்றியும் சினிமா வந்துவிட்டதால் நான் அவர்கள் வீரத்துக்கோ கொடைக்கோ போகவில்லை. என் கேள்வி வேறு. அன்றைய சட்டம் அவர்களிடம் எதைத் தேடியது?

தங்கம் பிடிபட்டால் தங்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். சாராயம் பிடிபட்டால் பானையை உடைத்தார்கள். தங்கத்தை விற்ற காசில் வாங்கிய கட்டடத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கச் சட்டம் இல்லை. 1956-இல் நிதி அமைச்சகத்தில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கிய அமலாக்கத் துறை, அந்நியச் செலாவணி மீறலை மட்டும் பார்த்தது. 1974 டிசம்பரில் காஃபிபோசா சட்டம் வந்தது. அது ஆளை விசாரணையின்றி உள்ளே வைக்கும் சட்டம். மஸ்தான் அவசரநிலைக் காலத்தில் சிறையில் இருந்தார். ஆள் உள்ளே இருந்தாலும் சொத்து வெளியேதான் இருந்தது. மச்சான் பெயரில், வேலைக்காரர் பெயரில், ஊரிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் பெயரில்.

1976-இல் வந்த சஃபெமா சட்டம்தான் முதன்முறையாகச் சொத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது. கடத்தல்காரர் மட்டுமில்லாமல் அவருடைய உறவினரும் கூட்டாளியும் 'இதை எந்த வருமானத்தில் வாங்கினாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் சுமையும் அவர்கள் தலையில். இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1994-இல் அம்ரத்லால் பிரஜீவன்தாஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் செல்லும் என்றார்கள். உறவினர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய சொந்தச் சம்பாத்தியத்தைப் பிடுங்கக் கூடாது, அந்தச் சொத்துக்கும் கடத்தல்காரருக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இன்றுவரை இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. சொத்து யார் பெயரில் இருக்கிறது? உண்மையில் யாருடையது?

பினாமிச் சட்டத்தின் கதை வருத்தமானது. 1988-இலேயே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் பறிமுதல் செய்வதற்கான விதிகள் எழுதப்படவே இல்லை. 2016 நவம்பர் 1 அன்று திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை 28 ஆண்டுகள் அது காகிதத்தில் கிடந்தது. அந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் பம்பாய் மும்பையானது, ஆலைகள் மூடின, ஆலை நிலங்கள் கைமாறின, தாணேயில் கோட்பந்தர் சாலை நெடுகக் கோபுரங்கள் எழுந்தன.

இதற்கிடையே உலகம் வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. போதைப் பொருள் பணத்துக்கு எதிராக 1988-இல் வியன்னாவில் ஐ.நா. உடன்படிக்கை. 1989-இல் பாரிஸில் கூடிய ஏழு பணக்கார நாடுகள் அமைத்த நிதி நடவடிக்கைக் குழு, பத்திரிகைகளில் எஃப்ஏடிஎஃப் என்று வருவது. பம்பாயிலும் கிளை வைத்திருந்த பிசிசிஐ வங்கி, பல நாடுகளில் கள்ளப் பணத்தைக் கைமாற்றியது வெளிப்பட்டு, 1991 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது. இந்தியாவில் பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-இல் நிறைவேறி, 2005 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன், 2004 நவம்பரில், நிதிப் புலனாய்வுப் பிரிவு டில்லியில் தொடங்கியது. 2010-இல் இந்தியா அந்த உலகக் குழுவில் உறுப்பினரானது. தேதிகள் இவ்வளவு போதும்.

பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குப் பின் யார் காவல்காரர் என்பதுதான் நமக்கு முக்கியம். கடத்தலைப் பிடித்தவர் சுங்க அதிகாரி. பணத்தைப் பிடிக்க வேண்டியவர் வங்கியின் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். பம்பாய்த் தமிழர் வரலாற்றில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர்களில் கணிசமானவர்கள் வங்கி, இன்ஷூரன்ஸ், ரயில்வே அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வாழ்ந்தவர்கள். தாராவியில் குடியேறியவர்கள் தோல் பதனிட்டு, இட்லி அவித்து, சீட்டுக் கட்டி, வங்கியை எட்டிப் பார்க்காமலே இரண்டு தலைமுறை கழித்தவர்கள். கவுன்டரின் உள்ளேயும் வெளியேயும் தமிழர்களே. பின்னாளில் இரு தரப்பும் வீட்டு விலை தாங்காமல் முலுண்ட், தாணே, கல்யாண் என்று அதே ரயில் பாதையில் வடக்கே நகர்ந்தார்கள்.

கவுன்டரில் இருப்பவர் எதைப் பார்க்க வேண்டும்? கள்ளப் பணம் மூன்று படி ஏறுகிறது என்பார்கள். முதலில் ரொக்கத்தை எப்படியாவது வங்கிக்குள் நுழைக்க வேண்டும். பிறகு கணக்கு மாற்றிக் கணக்கு அனுப்பி, வந்த தடம் அழியும்வரை சுற்றவிட வேண்டும். கடைசியில் வீடாக, கடையாக, சினிமாவாக, கடன் திரும்பியதாக, நேர்மையான உருவத்தில் உரியவரிடம் சேர்க்க வேண்டும். பிடிப்பதற்கு எளிது முதல் படிதான். அங்கேதான் பணமும் மனிதரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

ரொக்கமாகப் பத்து லட்சத்துக்கு மேல் வந்தால் வங்கி புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு தொகைகள் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டினாலும் அப்படியே. ஒரே நாளில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டினால் பான் எண் வேண்டும். ஆகவே நாற்பத்தொன்பதாயிரமாக, வேறு வேறு கிளைகளில், வேறு வேறு ஆட்கள் கட்டுவார்கள். தொகையை வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஆட்களை வைத்துப் பார்த்தால் தெரியும். ஐந்து பேர் கொடுத்த முகவரி ஒன்றாக இருக்கும். ஐந்து கணக்குக்கும் கைப்பேசி எண் ஒன்றாக இருக்கும். வாடிக்கையாளரிடம் தொழில் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்வார். வருஷக் கணக்கில் தூங்கிய கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து, அன்று மாலைக்குள் முழுதும் வெளியேறி, மீதி சில நூறு ரூபாய் நிற்கும். மளிகைக் கடை என்று எழுதிய நடப்புக் கணக்கில் மொத்த வியாபாரியிடம் கொள்முதல் செய்த தடம் இருக்காது, மின்கட்டணம் இருக்காது, ஆள் சம்பளம் இருக்காது, வரவும் செலவும் மட்டும் கோடியில் இருக்கும். இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால், தொகை எவ்வளவு சிறியதானாலும், சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்ப வேண்டும். வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லக் கூடாது.

பணத்தின் பருமன் எப்போதும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அது நிற்கும் பெயருக்கும் அதற்கும் பொருந்தாமல் இருப்பதே காட்டிக்கொடுக்கிறது. 1960-களின் கட்டடத்துக்கும் இன்றைய நடப்புக் கணக்குக்கும் இது ஒன்றே. நான் இந்த அத்தியாயத்தில் சொல்ல விரும்புவதும் இதுதான். பொருந்தாத அந்தப் பெயர் பெரும்பாலும் ஓர் ஏழையின் பெயர். போலீஸ் முதலில் போய்த் தட்டுவது அவர் கதவை.

இப்போது மீரா ரோடு. தாணே மாவட்டத்தில், மேற்கு ரயில் பாதையில், தஹிசரைத் தாண்டியதும் வரும் ஊர். 2016 அக்டோபர் 4 இரவு தாணே போலீஸ் அங்கிருந்த கால் சென்டர்களில் நுழைந்தபோது, நூற்றுக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் தலையில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தார்கள். சுமார் 700 பேரைப் பிடித்து விசாரித்து, 70 பேரைக் கைது செய்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அமெரிக்காவுடன். 'நான் வருமான வரித் துறையிலிருந்து பேசுகிறேன். நீங்கள் வரி பாக்கி வைத்திருக்கிறீர்கள். இன்றே கட்டாவிட்டால் கைது செய்ய ஆள் வருவார்கள்.' எழுதிக் கொடுத்த வசனம். எதிர்முனையில் பெரும்பாலும் முதியவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும். இதே வகை மோசடியில் கலிபோர்னியாவில் ஹேவர்ட் என்ற ஊரில் ஒருவரை இருபது நாள் விடாமல் மிரட்டி 1,36,000 டாலர் கறந்தார்கள் என்று அமெரிக்கக் குற்றப்பத்திரிகை சொல்கிறது.

கறந்த டாலர் எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். மிரட்டப்பட்டவரைக் கடைக்கு அனுப்பிப் பரிசு அட்டைகளையும் முன்கூட்டிப் பணம் கட்டும் அட்டைகளையும் வாங்க வைத்து, அவற்றின் எண்ணைத் தொலைபேசியிலேயே வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணம் உடனே வேறு அட்டைகளுக்கு மாறும். அந்த அட்டைகள் யார் பெயரில்? அடையாளம் திருடப்பட்ட ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களின் பெயரில். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அமெரிக்காவிலேயே இருந்த கூலி ஆட்கள் அந்த அட்டைகளைக் கொண்டு தபால் நிலையங்களிலும் கடைகளிலும் மணியார்டர் வாங்கி, வங்கியில் கட்டுவார்கள். அவர்களுக்குச் சதவீதக் கமிஷன்.

மீதிப் பணம் இந்தியா வர வேண்டும் அல்லவா? இங்கேதான் துபாய்க் கொத்தனாரின் கணக்கு திரும்பி வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கள் மனிதர்களுக்கு ஹவாலா வழியாகப் பணம் அனுப்ப விரும்பியவர்கள் இந்தப் பக்கம் ரூபாயைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம், கறந்த டாலர் அவர்களுடைய மனிதரின் கணக்கில் விழுந்தது. பெற்றுக்கொண்டவர் தனக்கு வர வேண்டிய பணம் வந்துவிட்டது என்று இருந்தார். அது யாரிடமிருந்து பிடுங்கியது என்பது அவருக்குத் தெரியாது. எல்லையை ஒரு டாலரும் தாண்டவில்லை. முன்பு துபாய்க்கும் பம்பாய்க்கும் நடுவே தங்கம் செய்த வேலையை இப்போது தொலைபேசிக் குரல் செய்தது.

2016 அக்டோபர் 27 அன்று அமெரிக்க நீதித் துறை ஹூஸ்டன் நீதிமன்றத்தில் பதிவான குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. அகமதாபாத்தின் ஐந்து கால் சென்டர்கள் உட்பட 61 தரப்புகள், பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 15,000 பேர். 2018 ஜூலையில் அங்கே 21 பேருக்கு 20 ஆண்டு வரை சிறை. அவர்களைப் பிடிக்க உதவியது எது? ஓர் அட்டை வாங்கிய கடை, அதைச் செலவழித்த கடை, நேரம், கேமராப் படம், ஒரே ஆள் வேறு வேறு பெயரில் நின்றது, அவர்களுக்குள் போய்வந்த மின்னஞ்சல், வாட்ஸ்ஆப். திருடிய பெயர்களை அட்டையில் எழுத முடிந்தது. கடைக் கவுன்டரில் நின்ற முகத்தை மாற்ற முடியவில்லை.

மீரா ரோட்டில் ஹெட்போன் மாட்டியவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ முடித்து முதல் வேலைக்கு வந்தவர்கள். அமெரிக்க உச்சரிப்பு கற்றுக்கொடுத்துச் சம்பளமும் கொடுத்தார்கள். சிலர் சில நாளில் உண்மை புரிந்து விலகினார்கள். பலர் விலகவில்லை. அவர்களை அப்பாவிகள் என்று நான் சொல்லமாட்டேன், அழுகிற கிழவியின் குரலைக் காதில் கேட்டவர்கள் அவர்கள். ஆனாலும் தங்கள் சொந்தப் பெயரில் சம்பளம் வாங்கி, சொந்த முகத்துடன் கைதானவர்கள் அவர்கள்தான் என்பதையும் எழுதியாக வேண்டும்.

அந்தச் சோதனை நடந்து ஐந்து வாரத்தில், நவம்பர் 8 இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதவை ஆயின. தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் நின்ற ஏடிஎம் வரிசைகள் பற்றி வேறொரு அத்தியாயம் எழுத வேண்டும். இங்கே ஒரு கணக்கு மட்டும். ஜன் தன் கணக்குகள், ஏழைகளுக்காகத் திறந்த கணக்குகள், அன்றுவரை சுமார் 45,600 கோடி வைத்திருந்தன. ஒரு மாதத்துக்குள் 74,000 கோடியைத் தாண்டின. அதில் வீட்டில் அடுக்குப் பானையில் சேர்த்த சொந்தக் காசும் உண்டு. பிறர் காசும் உண்டு. 'உன் கணக்கில் போட்டு வை, பத்து சதவீதம் எடுத்துக்கொள்' என்ற பேச்சு நாடெங்கும் நடந்தது. நவம்பர் கடைசியில் ரிசர்வ் வங்கி, அந்தக் கணக்குகளிலிருந்து மாதம் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்கக் கட்டுப்பாடு போட்டது. ஏழைகளைக் காப்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு என்று காரணம் சொன்னது. சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகள் முந்தைய ஆண்டு ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த ஆண்டு 4.73 லட்சம். அவ்வளவையும் படித்துப் பார்க்க ஆள் எங்கே? அறிக்கை பெருகினால் குற்றம் பிடிபடும் என்று நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தால் சந்தேகத்துக்கே மதிப்பு போய்விடும்.

அடுத்து 2023, தாணே நகரம். ஏப்ரலில், இணையவழிப் பணம் பெற்றுத்தரும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் புகுந்து 25 கோடி ரூபாய் எடுத்துவிட்டார்கள் என்று அந்நகரின் ஸ்ரீநகர் காவல் நிலையத்தில் புகார் வந்தது. சைபர் பிரிவு 25 கோடியின் பின்னாலேயே நடந்தது. அதில் 1.39 கோடி, நவி மும்பையில் வாஷியிலும் பேலாப்பூரிலும் அலுவலகம் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்கில் போய் விழுந்திருந்தது. அங்கே தேடியபோது கிடைத்தவை 250-க்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகளின் விவரங்கள், பல பெயர்களில் நோட்டரி முத்திரையுடன் கூட்டு வியாபார ஒப்பந்தப் பத்திரங்கள். சில நிறுவனங்களின் முகவரி தாணே நௌபாடா. அக்டோபர் 6 அன்று நௌபாடா காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அந்தக் கணக்குகளில் புரண்டதாகப் போலீஸ் சொன்ன தொகை 16,180 கோடி.

அந்த எண்ணைக் கண்டு பத்திரிகைகள் அதிர்ந்தன. நிதானமாகப் பார்க்க வேண்டிய எண் அது. ஒரு ரூபாய் பத்துக் கணக்கில் சுற்றினால் பத்து ரூபாய் புரண்டதாகவே கணக்கு காட்டும். இரண்டாம் படியின் நோக்கமே சுற்றவிடுவதுதான். ஆகவே 16,180 கோடி திருட்டுப் போனது என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். எவ்வளவு உண்மையான பணம், எவ்வளவு சுற்றல் என்பதைப் பிரித்தெடுப்பதே விசாரணை.

தொகையைவிட என்னை யோசிக்க வைத்தது அந்த நோட்டரிப் பத்திரங்கள். ஏன் கூட்டு வியாபாரம்? கம்பெனி தொடங்கினால் அரசுப் பதிவாளரிடம் பதிய வேண்டும், இயக்குநர் பெயர் பொதுவில் தெரியும். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி இருவர் சேர்ந்து தொழில் செய்யப் பதிவு கட்டாயமில்லை. முத்திரைத் தாளில் ஒப்பந்தம், நோட்டரி கையெழுத்து, ஒரு பான் அட்டை, ஒரு வாடகை முகவரி. நடப்புக் கணக்கு திறந்துவிடலாம். சிறு வியாபாரிக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த வழி அது. நம் தாராவித் தோல் கடைகளும் செம்பூர் மெஸ்களும் அந்த வழியில்தான் வளர்ந்தன. அதை அடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நௌபாடா வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் வங்கிகளில் பல ஆண்டு வேலை பார்த்தவர் என்று போலீஸ் சொன்னது. கவுன்டரின் உள்ளேயிருந்து பார்த்தவருக்கு, எந்தக் கேள்வி கேட்பார்கள், எது கேட்காமல் விடப்படும் என்று தெரிந்திருக்கும். 2023 செப்டம்பரில்தான், கூட்டு நிறுவனத்தின் உண்மையான உடைமையாளர் யார் என்று வங்கி விசாரிக்க வேண்டிய பங்கு அளவு 15 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. பத்திரத்தில் எழுதாத பங்கை அது எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இப்படிப் பெயரை இரவல் கொடுத்துத் திறந்த வாடகைக் கணக்கைத் தேட இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய மியூல்ஹன்டர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும்படி 2024 டிசம்பரில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டார்கள். நான் மேலே சொன்ன முரண்களைத்தான் அதுவும் தேடுகிறது, கோடிக்கணக்கான கணக்குகளில், வேகமாக. வேகம் தேவைதான். மோசடிப் பணம் சில நிமிடத்தில் ஐந்து கணக்கு தாண்டிவிடுகிறது. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தவரின் பணம் வழியில் நிற்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் அழைத்தவருக்கு அது குறைவு. ஆனால் இயந்திரம் ஒரு கணக்கை முடக்கும்போது, அந்தக் கணக்கில் தன் சம்பளமும் வைத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநரின் நிலை என்ன? பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தெரிந்தே உதவியவரையும் குற்றவாளி என்கிறது. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல், ஏழு ஆண்டு வரை. நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் மீது. 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைப் பெருமளவு உறுதி செய்தது. ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் சில ஆயிரத்துக்குக் கொடுத்த இருபது வயதுப் பையன், 'எனக்குத் தெரியாது' என்பதை எப்படி நிரூபிப்பான்? அவனுக்கு வக்கீல் வைக்கவும் வசதி இல்லை. சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ, அவரை அடைவதற்கு முன் இவனைக் கடந்துதான் போகிறது.

2024 நவம்பரில், தாணேயிலிருந்து நாசிக் சாலையில் மேலே போனால் வரும் விசைத்தறி ஊரான மாலேகாவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. வேலையில்லாத இளைஞர்களிடம் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, ஆதாரும் பானும் வாங்கி, நாசிக் மெர்ச்சன்ட்ஸ் கூட்டுறவு வங்கியின் மாலேகாவ் கிளையில் கணக்குகள் திறந்திருந்தார்கள். சில வாரங்களில் அவற்றில் நூறு கோடிக்கு மேல் வந்து போனது. நவம்பர் நடுவில் அமலாக்கத் துறை மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஒரே நாளில் பல இடங்களில் சோதனை நடத்தியது.

அந்த வழக்கில் முதல் தகவல் அறிக்கைக்குக் காரணமானது வங்கியின் அறிக்கையோ மென்பொருளோ அல்ல. தன் பெயரில் என்ன நடக்கிறது என்று அறிந்த ஒரு கணக்குக்காரர், தானே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த அறுபது ஆண்டுக் கதையில், பெயரை இரவல் கொடுத்தவர் தாமாக முன்வந்து வாய் திறந்த வழக்குகள் மிகச் சில. அப்படி வருகிறவரைச் சாட்சியாக நடத்த வேண்டுமா, குற்றவாளியாக நடத்த வேண்டுமா என்பதில் நம் நீதிமன்றங்கள் என்ன சொல்லிவருகின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.